அக்கரை நிலத்து வரவு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பதினொரு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் செய்தேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆன அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன், நீயும் பாதித் தட்டோடு எழுந்து பஸ் ஏறிவிட்டாய். அதை இப்போது கிளறவில்லை. வேலை விஷயமாக மட்டும் எழுதுகிறேன்.

இத்துடன் வங்கிக் காகிதங்கள் இருக்கின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் அக்கரை நிலம் மூன்று ஏக்கரும் உன் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. அதில் ஆழ்துளைக் கிணறு போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மாதுளை வைக்கப் போகிறேன். கடன் பதினெட்டு லட்சம். அக்கரை நிலம் மட்டும் அடமானத்துக்குப் போதாது என்பதால் வீட்டையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். வீடு என் பெயரில் இருப்பதால் அதில் உனக்குச் சிரமம் இல்லை. நிலத்துக்கு மட்டும் நான்கு இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முடிவதற்குள் கொடுத்தால்தான் வட்டிச் சலுகை கிடைக்கும்.

மண் பரிசோதனை செய்த அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். நானும் நாலு வருடம் விவசாயம் படித்தவன்தான், எனக்கும் மண் தெரியும். ஆனால் ஆய்வுக்கூடத்துத் தாளைவிட அப்பாவின் கணக்கு நோட்டு எனக்குப் பெரிய சான்று. அந்த நிலம் அவருக்கு எப்படிக் கொடுத்தது என்று அதில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இங்கே ஒரு மண்வெட்டி எடுத்ததில்லை. ஆனாலும் இருப்பதிலேயே நல்ல நிலத்தில் பாதியை அப்பா உனக்கு எழுதிவைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவாவது போடு.

தம்பி

பிப்ரவரி 13

முதலாளித் தம்பிக்கு,

நல்ல நிலமா? சலவைக்கூடத்தில் நின்றபடியேதான் உன் கடிதத்தைப் படித்தேன். அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து இயந்திரத்தில் துணி திணித்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய், "என்னக்கா, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

அக்கரை நிலத்தில் பொறுக்கப் பொறுக்கக் கல் வரும். உனக்கு ஏழு வயது இருக்கும்போது கூடையைத் தூக்க முடியாமல் அழுவாய், உன் கூடையையும் நான்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன். கிணற்று நிலம் ஐந்து ஏக்கர், வீடு, மாடு, டிராக்டர் எல்லாம் உனக்கு. எனக்கு அந்தக் கல்லில் பாதி. பத்திரத்தைப் பார்த்த அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. இரண்டு வருடமாக அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நீ என்னடாவென்றால் தங்கத்தைத் தூக்கிக் கொடுத்த மாதிரி பேசுகிறாய்.

ஒரு மண்வெட்டி எடுக்கவில்லையாம். இருபத்திரண்டு வயது வரை காலையில் ஆறு மாடு கறந்துவிட்டுத்தான் நான் பல்லே தேய்ப்பேன். அது கணக்கில் வராது போல.

இங்கே ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுத்து, இஸ்திரி போட்டு அனுப்புகிறோம். சாவிக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். கீழே இயந்திரம் சாவி அறுக்கும் சத்தத்தில் பல் கூசும். மாதம் பிறந்ததும் முதலில் வாடகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை எண்ணுவேன். உன் மண்ணுக்கு நீ என்றைக்காவது வாடகை கொடுத்தாயா? அம்மா பால் கறக்கிறாள், உன் மனைவி களை எடுக்கிறாள், அவர்களுக்குக் கூலி எழுதினாயா? அதையெல்லாம் கழித்துவிட்டு உனக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தடவை பார். நீ உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவன், மொத்த தூரமும் நடந்ததாகச் சொல்லிக்கொள்ளாதே.

கணக்கைக் காட்டு. பிறகு பார்க்கலாம்.

அக்கா

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளிடம் காட்டவில்லை. காட்டினால் வீட்டில் சமையல் நடக்காது.

நீ அனுப்பிய பணத்தைச் சொல்லிக்காட்டுவாய் என்று பயந்தேன். நீ சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லது. அது உன் பெயரிலேயே வங்கியில் இருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். "அவ காசை நான் தொடறதில்லைடா" என்பார். அதைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

கணக்கு கேட்டாய். அப்பாவின் பழுப்பு அட்டை நோட்டிலிருந்து எழுதுகிறேன். நான் படிக்கப் போனதிலிருந்து, விதைக் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பும் வரை ஆறு வருடம். 'அக்கரை நிலத்து வரவு' என்று தனித் தலைப்பே போட்டிருக்கிறார். மாதாமாதம் எட்டாம் தேதிக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் நடுவில் ஆறாயிரம். கிணற்று நிலம் ஒரு மாதம் தரும், நாலு மாதம் கையை விரிக்கும். அக்கரை நிலம் அப்படி இல்லை. மழை பொய்த்த வருடம் கிணறே வற்றிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடமும் மாதம் தவறாமல் ஆறாயிரம்! காய்கறி போட்டுச் சந்தைக்கு அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். என்ன பயிர் என்று எழுதவில்லை. விதைக்கோ உரத்துக்கோ அந்தத் தலைப்பில் ஒரு காசு செலவு இல்லை. கெட்டிக்காரர், சொந்த விதையும் சாணமும் வைத்தே சமாளித்திருக்கிறார்.

மூன்றாம் வருடம் நவம்பர் மட்டும் ஒன்றும் இல்லை. பூச்சி விழுந்திருக்கும். டிசம்பரிலேயே பழையபடி வந்துவிட்டது. நான்காம் வருடம் ஜூனிலிருந்து ஏழாயிரத்து இருநூறு. புது ரகம் ஏதோ கிடைத்திருக்கிறது. கடைசியில், அவர் பக்கவாதம் வந்து படுத்த மாதத்தோடு வரவு நின்றுவிட்டது. பார்க்க ஆள் இல்லாமல் முள் மண்டிவிட்டது, நான் வந்தபோது அப்படித்தான் கிடந்தது.

வங்கி மேலாளர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா வரவு வர்ற நிலத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். நான் ஊர் திரும்பினால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று அப்பா டிராக்டர் வாங்கினாரே, அந்தக் கடனும் இந்த நோட்டைக் காட்டித்தான் கிடைத்ததாம்.

இப்போதாவது நம்புகிறாயா? நாட்கள் போகின்றன.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

யாருக்கும் முன்பணம் கொடுக்காதே. கிணறு தோண்டுபவருக்கும் கொடுக்காதே, கன்று விற்பவருக்கும் கொடுக்காதே. அம்மாவிடம் கேள். உன் மனைவியை வைத்துக்கொண்டு வேண்டாம், மாட்டுக் கொட்டகையில் அம்மா தனியாக இருக்கும்போது கேள். அந்த ஆறு வருடம் அக்கரை நிலத்தில் அப்பா என்ன பயிர் வைத்தார் என்று மட்டும் கேள்.

கையெழுத்தை இப்போது போட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அம்மா என்ன சொன்னாள் என்று எழுது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

கேட்டேன். "என்னமோ போட்டாரு, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அம்மா. கழுவிய வாளியையே மறுபடி கழுவினாள். வயதானவளைக் குறுக்கு விசாரணை செய்ய என்னால் முடியாது.

உனக்கு என்னதான் வேண்டும்? நேரடியாகக் கேட்டுவிடு. "உங்கக்கா விலை ஏத்தறாங்க, அவ்வளவுதான்" என்கிறாள் இவள். நான் இல்லை என்று வாதாடினேன். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இந்த ஊரில் எல்லோரும் நிலத்தை விற்றுவிட்டுக் கடைகளில் வேலைக்குப் போகிறார்கள். நான் ஒருத்தன் அப்பா விட்ட இடத்திலிருந்து மேலே கொண்டுபோகப் பார்க்கிறேன். அது உனக்குப் பொறுக்கவில்லை. நான் கவிழ்ந்து விழுந்தால் உனக்கு நிம்மதி.

முன்பணம் கொடுக்காதே என்றாய். கொடுத்தாயிற்று. இரண்டு கிடாரிக் கன்றுகளையும் விற்றுக் கொடுத்துவிட்டேன். துளை போடும் வண்டியோடு ஒரு மீசைக்காரர் மார்ச் 18 காலையில் வருகிறார். தண்ணீர் வந்த பிறகு உன் கையெழுத்து இல்லாமலே வெளியில் வட்டிக்கு வாங்கிக்கொள்கிறேன், வீட்டு மேல் கொடுக்க ஆள் இருக்கிறது.

தம்பி

மார்ச் 13, விரைவுத் தபால்

டேய்,

படித்து முடிக்கும் வரை கடிதத்தைக் கீழே வைக்காதே.

அக்கரை நிலத்தில் ஒன்றுமே விளையவில்லை. ஒரு கீரைக்கட்டுகூட விளையவில்லை. அங்கே வந்தது என் சம்பளம்.

நீ விடுதிக்குப் போன அதே மாதத்தில்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். "ஒரே வருஷம்மா, அவன் படிப்பு ஒரு நிலைக்கு வரட்டும்" என்றார் அப்பா. எங்களுக்கு ஐந்தாம் தேதி சம்பளம். வாங்கியதும் அனுப்புவேன், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் அவர் கைக்குப் போய்விடும். மாதம் ஆறாயிரம். மூன்றாம் வருடம் செப்டம்பர் கடைசியில் இஸ்திரி உருளையில் என் வலது கை மாட்டிக்கொண்டது. அக்டோபர் முழுக்க வேலை இல்லை, நவம்பரில் சம்பளம் இல்லை. அதுதான் நீ சொன்ன பூச்சி. நவம்பரில் கட்டோடு வேலைக்குப் போனேன், டிசம்பரில் மறுபடி அனுப்பினேன். நான்காம் வருடம் என்னைப் பிரிவுக்குத் தலைவியாக்கிச் சம்பளம் ஏற்றினார்கள், ஏழாயிரத்து இருநூறாக அனுப்பினேன். உன் புது ரகம் அது. அப்பா படுத்ததும் நீ ஊருக்கு வந்து, "இனிமே நான் பாத்துக்கறேன், நீ அனுப்ப வேண்டாம்" என்று போனில் சொன்னாய். நிறுத்திவிட்டேன். நிலமும் நிறுத்திவிட்டது.

வங்கியில் என் பெயரில் ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எனக்கு எதையும் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது, பணம் அனுப்பிய ரசீதுகள் எழுபத்தொன்றும் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் நவம்பரைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். நீ எவ்வளவு பெருமையாக எழுதியிருந்தாய், எப்படிச் சொல்வது? அம்மா வாயால் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் கோழைத்தனம்.

அப்பா சுற்றி வளைத்து என் பணத்தை அந்தக் கல் நிலத்தின் பெயரில் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்த நிலத்தில் என் பெயரைச் சேர்த்தாரோ என்னவோ. அப்படியானால் இரண்டு வருடமாக நான் திட்டியது எந்த மனிதரை? எனக்குத் தெரியவில்லை. கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

வண்டியைத் திருப்பி அனுப்பு. வீட்டைத் தொடாதே. அம்மா எங்கே போவாள்?

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

உன் விரைவுத் தபால் மார்ச் 16-ஆம் தேதியே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. கையெழுத்து போட மாட்டேன் என்று இன்னொரு தடவை எழுதியிருப்பாய் என்று நினைத்துக் குளிர்சாதனப் பெட்டி மேல் போட்டுவிட்டேன்.

18-ஆம் தேதி மீசைக்காரர் வந்தார். முந்நூற்று நாற்பது அடி போனது. வெள்ளைப் புழுதிதான் வந்தது, நின்றிருந்த எல்லோர் தலையும் நரைத்துவிட்டது. இடம் மாற்றி இன்னொன்று போட்டோம். நானூறு அடி. அவரே வண்டியை நிறுத்திவிட்டு, "தம்பி, இது நிலம் இல்ல, பாறை. மேல ஒரு சாண் மண்ணு போர்த்திக்கிட்டு இருக்கு. இதுல உங்கப்பா காய்கறி போட்டாரா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

எழுபத்தொரு ரசீது, எழுபத்தொரு வரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. கிடாரி இரண்டும் போனதுதான் நஷ்டம். உன் கையெழுத்து கிடைத்திருந்தால் இந்த வீடும் போயிருக்கும். வெளியில் வட்டிக்கு வாங்கவில்லை.

பிறகு அம்மாவிடம் ரசீதுகளைக் காட்டினேன். இந்தத் தடவை வாளியைத் தேடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பொண்ணு காசுல வீடு ஓடுதுன்னு எழுத உங்கப்பாவுக்குக் கை வரலை. எழுதாமலும் இருக்க முடியலை. நாலு நாள் நோட்டை மடியில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. அப்புறம், 'சும்மா கிடக்கற நிலம்தானே, அது பேர்ல எழுதிடறேன்'னாரு. டிராக்டருக்காக வங்கியில நோட்டைக் கேட்டப்ப, இப்பவாவது மாத்தி எழுதுங்கன்னு சொன்னேன். 'மாத்தினா பையனுக்கு டிராக்டர் கிடைக்காது'ன்னாரு. படுத்தப்புறம் அவ பேரை அந்த நிலத்துல எழுதச் சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்ச நன்றி அவ்வளவுதான்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றேன். "நீ எப்பப் பார்த்தாலும் அப்பா மாதிரி வரணும், அப்பா மாதிரி வரணும்னு சொல்லுவியே" என்றாள்.

நீ கேட்ட கணக்கை இப்போதுதான் போட்டேன். அக்கரை நிலத்து வரவை எடுத்துவிட்டால் அந்த ஆறு வருடத்தில் ஐந்து வருடம் நஷ்டம். என் மூன்று வருடத்தையும் போட்டேன். கிணற்று நிலத்துக்கு இந்தப் பக்கத்துக் குத்தகை, அம்மாவுக்கும் இவளுக்கும் நாள் கூலி எல்லாம் கழித்தால் எனக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சுகிறது. உங்கள் சலவைக்கூடத்தில் தரை துடைப்பவர் என்னைவிட அதிகம் வாங்குவார். ஊரில் நாலு பேருக்கு நான் யோசனை சொல்லியிருக்கிறேன் அக்கா. 'என்னைப் பார்த்துக் கத்துக்குங்க' என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வங்கிக்குப் போய் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "இதையெல்லாம் ஏன் சார் வந்து சொல்றீங்க?" என்று எரிந்து விழுந்தார். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிராக்டருக்கு மிச்சமிருக்கும் பதினான்கு தவணையையும் ஒழுங்காகக் கட்டச் சொன்னார்.

நாலரை லட்சத்துக்கு மேல் ஆகிறது உன் பணம். திருப்பித் தர என்னிடம் இல்லை. அக்கரை நிலம் முழுவதையும் உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். எப்போது வருகிறாய்?

தம்பி

மே 2

தம்பிக்கு,

முதலில் ஒன்று. வங்கியில் போய்ச் சொன்னாய் பார், அதைப் படித்ததும் இரண்டு வேளை சோறு தின்ற மாதிரி இருந்தது. அப்பா செய்யாததை நீ செய்திருக்கிறாய்.

ஆனால் அக்கரை நிலம் வேண்டாம். அப்பாவும் அதைத்தான் கொடுத்தார், நீயும் அதையே கொடுக்கிறாய். என் பணம் அங்கே போகவில்லை. உன் விடுதிக்குப் போனது, கிணற்றைத் தூர் வாரப் போனது, மாட்டுத் தீவனத்துக்குப் போனது, டிராக்டருக்குப் போனது. அதெல்லாம் கிணற்று நிலத்தில் நிற்கிறது. எனக்கு அதில் பாதி வேண்டும். ஐந்து ஏக்கரில் இரண்டரை ஏக்கர், என் பெயரில், பத்திரத்தில்.

நல்ல அக்கா என்றால் 'போகட்டும்டா, நீ நல்லா இரு' என்று எழுதுவாள். ஆறு வருடம் அப்படித்தான் இருந்தேன். முப்பத்தொரு வயதில் என்னிடம் இருப்பது ஒரு டப்பா ரசீதும், மூடினால் முழுதாக மூடாத ஒரு கையும்தான். இனி அப்படி இருக்க எனக்கு மனமில்லை.

நான் விற்க மாட்டேன். நீயே உழு. என் பாதிக்குக் குத்தகை கொடு. டிராக்டர் தவணை முடியும் வரை பாதிக் குத்தகை போதும். அது கொடுத்த பிறகும் நிற்க முடிந்தால்தான் அது விவசாயம். முடியாவிட்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, உனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது.

இன்னொன்று. இந்த மாதத்திலிருந்து அம்மாவுக்குச் சம்பளம் கொடு. கையில் கொடு, நோட்டில் அம்மா பெயரைப் போட்டே எழுது.

கொடுக்க மனம் வரவில்லை என்றால் அதையும் எழுதிவிடு. நான் படித்துக்கொள்கிறேன்.

அக்கா

மே 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாக நானும் இவளும் பேசிக்கொண்டது மாடு, தண்ணீர், உப்பு இவ்வளவுதான். நேற்று அவளாகவே வந்து, "உங்கக்கா கேட்டது நியாயம்தான். ஆனா எனக்கும் கூலி எழுதணும்" என்றாள். எழுத ஒத்துக்கொண்டேன். எங்கிருந்து எடுப்பேன் என்று தெரியவில்லை.

ஜூன் 11 வியாழக்கிழமை, பதிவு அலுவலகத்தில் பத்தரை மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இரண்டரை ஏக்கர், கிணற்றில் பாதி உரிமையோடு. எனக்கு மனம் முழுதாக வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்று மாலை நடுவில் கயிறு கட்டி அளந்தபோது என் சதையில் அளப்பதுபோல்தான் இருந்தது. ஆனாலும் அளந்து முடித்தேன். நீ வா.

அம்மாவுக்கு இன்று காலை சம்பளம் கொடுத்தேன். கறந்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ கடைக்குப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து, "என்ன வாங்கணும்?" என்றாள். உன் சம்பளம்மா என்றேன். வாசலில் உட்கார்ந்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, தன் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள்.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "இது இந்த மாசத்துக்கு, சரி. மிச்சம் முப்பத்து மூணு வருஷத்துக்கு?" என்று கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

தம்பி